தொடர்வண்டி ஆர்வம்

தொடர்வண்டி ஆர்வம் என்பது தொடர்வண்டிகளையும் அவற்றோடு தொடர்புடைய இழுபொறிகள், பெட்டிகள், இருப்புப்பாதைகள், நிலையங்கள், சைகைகள், கால அட்டவணைகள் முதலியவற்றையும் விருப்பத்தோடு கவனித்தல், பதிவு செய்தல், அவற்றில் பயணம் செய்தல் ஆகியவற்றைக் குறிக்கும் பொழுதுபோக்கு ஆகும். இப்பொழுதுபோக்கில் ஈடுபடுபவர் தொடர்வண்டி ஆர்வலர் எனப்படுவார். தொழில்முறையில் இரயில்வேயோடு தொடர்பில்லாதவர்களே இவர்களில் பெரும்பான்மையினர். சிலர் இதனை ஆழ்ந்த ஆய்வாக மேற்கொள்கின்றனர். வேறு சிலர் விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு நிலையத்திற்குச் சென்று வண்டிகளைப் பார்த்து வருவதோடு நிறைவடைகின்றனர். அதிகச் செலவோ தனிப் பயிற்சியோ தேவைப்படாததாலும், குழந்தைகள் முதல் முதியோர் வரை ஒன்றாக ஈடுபட முடிவதாலும் இது குடும்பப் பொழுதுபோக்காகவும் விளங்குகிறது.

தமிழ்நாட்டில் சென்னை - கூடூர் தடம், நீலகிரி மலை இரயில் பாதை, பாம்பன் பாலம் ஆகியவை ஆர்வலர்களின் கவனத்தைப் பெற்ற இடங்களுட் சில. இவற்றுள் சென்னை - கூடூர் தடம் பழவேற்காடு ஏரியின் மேற்குப் புறமாகச் செல்கிறது.

பெயர்

தொடர்வண்டியைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் வழங்குகின்றன. புகைவண்டி, தொடர்வண்டி, தொடருந்து, இரயில் ஆகியன தமிழ்நாட்டில் வழங்குவன. இலங்கையில் புகையிரதம் என்ற சொல் அரச வழக்கிலும், கோச்சி என்ற சொல் பேச்சு வழக்கிலும் உள்ளன. நீராவி இழுபொறிகள் வழக்கொழிந்த பின்னரும் புகைவண்டி, புகையிரதம் ஆகிய பெயர்கள் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலம் பேசும் நாடுகளுள் பிரித்தானியாவில் இவ்வார்வலர்கள் டிரெயின்ஸ்பாட்டர் என்றும், அமெரிக்காவில் ரெயில்ஃபேன் என்றும் அழைக்கப்படுகின்றனர். சப்பானில் ஆர்வத்தின் வகைக்கேற்பத் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. வண்டிகளைப் படம்பிடிப்போர் டோரி-தெட்சு என்றும், பயணம் செய்வதையே விரும்புவோர் நோரி-தெட்சு என்றும் அழைக்கப்படுகின்றனர். பிள்ளைகளின் விருப்பத்திற்காக நிலையங்களுக்குச் சென்று, நாளடைவில் தாமும் ஆர்வலர்களாகிவிட்ட தாய்மாருக்கு மாமா-தெட்சு என்று பெயர். இங்கு மாமா என்பது தாயைக் குறிக்கும் சொல். தமிழிலுள்ள மாமா அன்று. இப்பொழுதுபோக்கு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்கும் பரவுகிறது என்பதை இப்பெயர் காட்டுகிறது.

வரலாறு

உலகில்

தொடர்வண்டிகள் தோன்றிய காலந்தொட்டே அவற்றை வேடிக்கை பார்க்க மக்கள் கூடியுள்ளனர். எனினும் இது பரவலான பொழுதுபோக்காக உருவானது 20 ஆம் நூற்றாண்டில் ஆகும். 1920 ஆம் ஆண்டு பிரித்தானியாவில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவரின் நிறுவனம் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மைத் தொடர்வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1942 ஆம் ஆண்டு இயன் ஆலன் என்ற இரயில்வே ஊழியர் இழுபொறிகளின் எண்களைத் தொகுத்துச் சிறு கையேடு ஒன்றை வெளியிட்டார். கையேட்டிலுள்ள எண்ணைத் தாம் நேரில் கண்ட பின் அதன்கீழ்க் கோடிடும் வழக்கம் பள்ளி மாணவரிடையே விரைவாகப் பரவியது.

1950 ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் மூடப்படும் நிலையிலிருந்த டாலிலின் இரயில் பாதையைக் காக்க ஆர்வலர்கள் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1951 முதல் தன்னார்வலர்களே அப்பாதையில் வண்டிகளை இயக்கினர். தன்னார்வலர்களால் காக்கப்பட்ட முதல் இரயில் பாதையாக இது கருதப்படுகிறது. வேடிக்கை பார்ப்போர் பாதுகாப்போராகவும் மாறியமைக்கு இது தொடக்கமாயிற்று.

இந்தியாவில்

இந்தியாவில் முதற் பயணிகள் வண்டி 1853 ஏப்ரல் 16 அன்று மும்பைக்கும் தாணேவுக்கும் இடையே ஓடியது. தென்னிந்தியாவின் முதற் பயணிகள் வண்டி 1856 ஆம் ஆண்டு சென்னை இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு இயக்கப்பட்டது. இராயபுரம் நிலையக் கட்டடம் இந்தியாவில் எஞ்சியிருக்கும் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1837 ஆம் ஆண்டளவில், சென்னைக்கு வடக்கேயுள்ள செங்குன்றம் பகுதியில் கல் ஏற்றிச் செல்வதற்காக இருப்புப்பாதை ஒன்று அமைக்கப்பட்டிருந்தது.

1977 ஆம் ஆண்டு புது தில்லியில் தேசிய இரயில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1989 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்த இந்தியர் சிலர் இந்திய இரயில்வே ஆர்வலர் சங்கத்தைத் தொடங்கினர். ஐ.ஆர்.எஃப்.சி.ஏ. என்று அறியப்படும் இவ்வமைப்பு நாளடைவில் இந்தியா முழுவதிலும் உள்ள ஆர்வலர்களை இணைத்தது. 1998 ஆம் ஆண்டு புனே நகரில் ஜோஷி சிற்றுரு இரயில்வே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஒருவரின் தனிப்பட்ட விருப்பத்தில் தொடங்கி, அவர் குடும்பத்தாரால் தொடர்ந்து நடத்தப்படும் நிறுவனம் என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது.

ஆர்வலர் போற்றும் பழைய இழுபொறிகள் சிலவற்றுக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களே மறுவாழ்வு அளித்துள்ளனர். 1855 ஆம் ஆண்டு கட்டப்பட்ட ஃபேரி குயின் இழுபொறி சென்னை பெரம்பூர் பணிமனையில் சீரமைக்கப்பட்டு 1997 ஆம் ஆண்டு மீண்டும் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் கட்டப்பட்ட ஈ.ஐ.ஆர்.-21 என்ற இழுபொறியும் 2010 ஆம் ஆண்டு அங்கேயே சீரமைக்கப்பட்டது.

இலங்கையில்

இலங்கையின் வடக்குப் பாதை 1905 ஆம் ஆண்டு முழுமை பெற்றுக் கொழும்பைக் காங்கேசன்துறையுடன் இணைத்தது. 1956 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட யாழ்தேவி விரைவு வண்டி யாழ்ப்பாண மக்களின் அன்றாட வாழ்வோடு ஒன்றியிருந்தது. உள்நாட்டுப் போரின் விளைவாக 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கான சேவை நின்றுபோயிற்று. தண்டவாளங்களும் நிலையங்களும் அழிவுற்றன. 2014 அக்டோபர் 13 அன்றே யாழ்ப்பாணத்திற்கு மீண்டும் வண்டி வந்தது. 2015 சனவரியில் அது காங்கேசன்துறை வரை நீடிக்கப்பட்டது.

இடைப்பட்ட 24 ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறையினர் தம் ஊரில் தொடர்வண்டி ஓடக் கண்டதில்லை. அவர்களைப் பொறுத்தவரை யாழ்தேவி பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் சொல்லக் கேட்ட கதையாகவே இருந்தது. குடும்ப நினைவு ஒரு பாதையின் வரலாற்றை எவ்வாறு தாங்கி நிற்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

ஆர்வத்தின் வகைகள்

தொடர்வண்டி ஆர்வம் பல கிளைகளைக் கொண்டது. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

* வண்டி பார்த்தல் - நிலையத்திலோ பாதுகாப்பான வேறிடத்திலோ நின்று கடந்து செல்லும் வண்டிகளைக் கவனித்து, இழுபொறி எண்களைக் குறித்துக்கொள்ளுதல்.
* பயணம் - புதிய தடங்களில் பயணம் செய்வதையே நோக்கமாகக் கொண்டு செல்லுதல். சேருமிடம் இங்கு இரண்டாம்பட்சமே.
* ஒளிப்படம், ஒலிப்பதிவு - வண்டிகளின் தோற்றத்தையும் ஊதல், சக்கர ஓசை முதலியவற்றையும் பதிவு செய்தல்.
* மாதிரி அமைத்தல் - சிற்றுரு வண்டிகளையும் பாதைகளையும் உருவாக்குதல்.
* சேகரிப்பு - பழைய அட்டைப் பயணச்சீட்டுகள், கால அட்டவணைகள், அஞ்சல் தலைகள் முதலியவற்றைத் தொகுத்தல்.
* வரலாற்றாய்வு - பாதைகள், பாலங்கள், நிலையங்கள் ஆகியவற்றின் வரலாற்றைத் திரட்டுதல்.

ஒருவரே பல கிளைகளில் ஈடுபடலாம். பொழுதுபோக்கு நிலையில் உள்ளவர் எந்தக் கிளையிலும் முறையாக ஈடுபடாமல், வண்டி வரும்போது நின்று பார்த்து மகிழ்வதும் ஆர்வமே ஆகும்.

கவனிக்கத்தக்கவை

இந்திய இரயில்வேயில் வழங்கும் குறியீடுகள் ஒழுங்கான முறையைப் பின்பற்றுவன. அவற்றைப் படிக்க அறிந்தால் கடந்து செல்லும் ஒரு வண்டியைப் பற்றிப் பல செய்திகளை அறியலாம்.

இழுபொறி வகைகள்

இழுபொறியின் வகைப்பெயரில் முதலெழுத்து பாதையின் அகலத்தைக் குறிக்கும். டபிள்யூ என்பது 1,676 மி.மீ. அகலப் பாதையையும், ஒய் என்பது 1,000 மி.மீ. மீட்டர் பாதையையும், இசட் என்பது 762 மி.மீ. குறும்பாதையையும் குறிக்கும். இரண்டாம் எழுத்து ஆற்றலின் வகையைச் சுட்டும். டி என்பது டீசலையும், ஏ என்பது மாறுமின்னோட்டத்தையும் சுட்டும். மூன்றாம் எழுத்து பணியைச் சுட்டும். பி என்பது பயணிகள் வண்டி, ஜி என்பது சரக்கு வண்டி, எம் என்பது இருவகைப் பணி, எஸ் என்பது நிலைய வளாகத்தில் பெட்டிகளை மாற்றும் பணி ஆகியவற்றுக்குரியன. எனவே டபிள்யூ.ஏ.பி.-7 என்பது அகலப் பாதையில் மாறுமின்னோட்டத்தில் பயணிகள் வண்டியை இழுக்கும் ஏழாம் வகைப் பொறியாகும்.

இழுபொறியின் பக்கவாட்டில் அது பராமரிக்கப்படும் பணிமனையின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் அரக்கோணம், ஈரோடு, இராயபுரம் ஆகிய இடங்களில் மின் இழுபொறிப் பணிமனைகள் உள்ளன.

பெட்டி எண்

பயணிகள் பெட்டியின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள எண்ணின் முதல் இரு இலக்கங்கள் பொதுவாக அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். எண் 98 எனத் தொடங்கினால் அப்பெட்டி 1998 ஆம் ஆண்டினது. தம் வயதை ஒத்த பெட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது சிறுவர்கள் விரும்பும் விளையாட்டாகும்.

1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) நெடுங்காலம் கட்டிவந்த பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி 2018 சனவரியோடு முடிவுற்றது. அவற்றுக்கு மாற்றாக எல்.எச்.பி. வகைப் பெட்டிகள் கட்டப்படுகின்றன. 2019 பிப்ரவரியில் சேவைக்கு வந்த முதல் வந்தே பாரத் வண்டியும் இத்தொழிற்சாலையில் உருவானதே.

வண்டி எண்

2010 டிசம்பர் 20 முதல் இந்தியாவில் பயணிகள் வண்டிகளுக்கு ஐந்து இலக்க எண்கள் வழங்குகின்றன. 1 அல்லது 2 எனத் தொடங்குபவை நெடுந்தொலைவு வண்டிகள். 0 எனத் தொடங்குபவை சிறப்பு வண்டிகள். சென்னைப் புறநகர் வண்டிகளின் எண்கள் 4 எனத் தொடங்கும்.

கடைசிப் பெட்டி

வண்டியின் கடைசிப் பெட்டியின் பின்புறம் பெருக்கற்குறி வரையப்பட்டிருக்கும். இறுதி ஊர்தி என்பதைச் சுட்டும் பலகையும், இரவில் சிவப்பு விளக்கும் அதில் இருக்கும். வண்டி முழுமையாகக் கடந்துவிட்டதா, பெட்டிகள் எவையும் வழியில் கழன்று நின்றுவிட்டனவா என்பதை நிலைய ஊழியர் இவற்றைக் கொண்டே உறுதி செய்கின்றனர்.

சைகைகள்

நான்கு நிலை வண்ணச் சைகையில் பச்சை தடையின்றிச் செல்லலாம் என்பதையும், இரட்டை மஞ்சள் அடுத்த சைகையைக் கவனத்தோடு அணுக வேண்டும் என்பதையும், ஒற்றை மஞ்சள் அடுத்த சைகையில் நிற்க ஆயத்தமாக வேண்டும் என்பதையும், சிவப்பு நிற்க வேண்டும் என்பதையும் குறிக்கும். கடவுகளுக்கு முன்னர் மஞ்சள் நிறப் பலகை நடப்பட்டிருக்கும். அது ஊதல் ஒலிக்குமாறு ஓட்டுநருக்கு இடும் கட்டளையாகும்.

வேகத்தைக் கணக்கிடுதல்

பாதையோரத்தில் கிலோமீட்டர் கற்கள் உள்ளன. மின்மயமாக்கப்பட்ட தடங்களில் கம்பங்களின் மீதும் கிலோமீட்டர் எண்ணும் கம்பத்தின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஆகும் நொடிகளைக் கொண்டு 3,600 ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம் கிடைக்கும். 45 நொடிகள் ஆனால் வேகம் மணிக்கு 80 கி.மீ.; 36 நொடிகள் ஆனால் 100 கி.மீ.; 30 நொடிகள் ஆனால் 120 கி.மீ. சாளரத்தின் அருகே அமர்ந்திருக்கும் மாணவர் கைக்கடிகாரம் ஒன்றைக் கொண்டே இதனைச் செய்யலாம்.

பழவேற்காட்டுப் பகுதியில்

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டத்தில் பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள கடலோர ஊராகும். பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். மீன்பிடித்தலே இங்குள்ள குப்பங்களின் முதன்மைத் தொழில். ஊருக்குள் இருப்புப்பாதை இல்லை. அருகிலுள்ள நிலையம் பொன்னேரி ஆகும். பொன்னேரிக்கும் பழவேற்காட்டிற்கும் இடையே பேருந்துகள் இயங்குகின்றன.

தொடர்வண்டி வருமுன்னர் இப்பகுதியின் பெருவழி நீர்வழியே ஆகும். 1806 ஆம் ஆண்டு வெட்டத் தொடங்கி, பின்னர் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்ற கால்வாய் பழவேற்காடு ஏரியின் வழியாகச் சென்னையை வடக்கேயுள்ள ஊர்களோடு இணைத்தது. விறகு, உப்பு முதலிய பொருட்கள் படகுகளில் சென்னைக்குச் சென்றன. 1899 ஆம் ஆண்டு விசயவாடா - சென்னை இருப்புப்பாதை இணைப்பு ஏற்பட்டது. அதன்பின் நெடுந்தொலைவுப் போக்குவரத்து சிறிது சிறிதாகத் தண்டவாளத்திற்கு மாறியது. ஏரிக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பாதை சென்றதால் பழவேற்காடு புதிய பெருவழியிலிருந்து விலகி நிற்கலாயிற்று.

தடமும் நிலையங்களும்

சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இத்தடத்தில் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம், தடா, சூலூர்பேட்டை, தொரவாரிசத்திரம், நாயுடுப்பேட்டை, கூடூர் முதலிய நிலையங்கள் உள்ளன. புறநகர் மின்தொடர் வண்டிகள் சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையிலும், சில வண்டிகள் சூலூர்பேட்டை வரையிலும் இயங்குகின்றன. சென்னை - விசயவாடா தடம் 1980 ஆம் ஆண்டளவில் முழுவதும் மின்மயமாக்கப்பட்டது. சென்னை - கூடூர் பகுதியின் உயர்ந்த வேகம் 2022 ஆம் ஆண்டு மணிக்கு 130 கி.மீ. ஆக உயர்த்தப்பட்டது.

சென்னையை தில்லி, கொல்கத்தா ஆகிய நகரங்களோடு இணைக்கும் முதன்மைத் தடம் இதுவே. 1976 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு விரைவு வண்டி, 1977 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோரமண்டல் விரைவு வண்டி, அவற்றினும் பழமையான கிராண்ட் டிரங்க் விரைவு வண்டி, அவுரா மெயில் ஆகியவை இவ்வழியே செல்வன. இவற்றுள் பல பொன்னேரியில் நில்லாமல் விரைந்து கடப்பவை. அத்திப்பட்டுப் பகுதியில் அனல்மின் நிலையத்திற்குரிய நிலக்கரி வண்டிகளையும், காமராசர் துறைமுகத்திற்குச் செல்லும் சரக்கு வண்டிகளையும் காணலாம். இவ்வாறு புறநகர் வண்டி, விரைவு வண்டி, சரக்கு வண்டி ஆகிய மூவகையும் ஒரே நிலையத்தில் சில மணி நேரத்திற்குள் காணக் கிடைப்பது இத்தடத்தின் சிறப்பாகும். பெட்டிகளை எண்ணும் சிறுவர்களுக்கு நிலக்கரி வண்டியே பெருவிருந்து. 58 பெட்டிகள் வரை இணைக்கப்பட்ட அவ்வண்டியை எண்ணி முடிப்பதற்குள் எண்ணிக்கை தவறிவிடுவது வழக்கம்.

ஆரம்பாக்கம் தமிழ்நாட்டின் எல்லையிலும், தடா ஆந்திரப் பிரதேசத்திலும் உள்ளன. இவ்விரு நிலையங்களுக்கும் இடையில் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகைகளில் முதலிடம் பெறும் மொழி தமிழிலிருந்து தெலுங்காக மாறுகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் குழந்தைகளுக்கு மாநில எல்லை என்பதை இப்பலகைகள் கண்முன் காட்டுகின்றன. ஏரியில் கலக்கும் ஆரணியாறு, காளங்கி ஆகிய ஆறுகளை இத்தடம் பாலங்களின் மீது கடக்கிறது. வடகிழக்குப் பருவமழையின் போது இவற்றில் வெள்ளம் பெருகுவதைப் பயணிகள் காணலாம்.

பறவைகளும் வண்டிகளும்

பழவேற்காடு ஏரிக்குக் குளிர்காலத்தில் பூநாரைகள் முதலிய வலசைப் பறவைகள் வருகின்றன. கூழைக்கடாக்கள் கூடு கட்டும் நேலபட்டு பறவைகள் சரணாலயம் தொரவாரிசத்திரம் நிலையத்திற்கு அருகில் உள்ளது. சூலூர்பேட்டையிலிருந்து சிறீஅரிக்கோட்டாவுக்குச் செல்லும் சாலை ஏரியின் குறுக்கே அமைந்துள்ளது. இதனால் தொடர்வண்டியில் சென்று பறவைகளைக் கண்டு திரும்பும் ஒருநாள் பயணம் குடும்பங்களுக்கு ஏற்றதாக உள்ளது.

பறவை நோக்குதலும் வண்டி நோக்குதலும் ஒத்த இயல்புடையவை. இரண்டிலும் காத்திருத்தல், அமைதியாகக் கவனித்தல், அடையாளம் காணுதல், நாளும் இடமும் குறித்துவைத்தல் ஆகியவை தேவை. ஒரே குறிப்பேட்டின் ஒருபக்கம் பறவைகளையும் மறுபக்கம் வண்டிகளையும் எழுதிவர முடியும். கண்ணில் படாத ஒன்றுக்காக மீண்டும் வரவேண்டியிருப்பதும் இரண்டிற்கும் பொதுவானதே.

குடும்பப் பொழுதுபோக்காக

சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஓடும் தொடர்வண்டி விளையாட்டு தமிழ்ச் சிறுவர் விளையாட்டுகளுள் ஒன்று. வண்டியைக் கண்டால் கையசைப்பதும் பெட்டிகளை எண்ணுவதும் பெரும்பாலான குழந்தைகளிடம் இயல்பாகவே காணப்படுகின்றன. இவ்வியல்பான விருப்பத்தைப் பெரியோர் பகிர்ந்துகொள்ளும்போது அது குடும்பப் பொழுதுபோக்காகிறது. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி (1955) திரைப்படத்தில் அக்காளும் தம்பியும் முதன்முதலாகத் தொடர்வண்டியைக் காணும் காட்சி இதனாலேயே உலகெங்கும் அறியப்பட்டுள்ளது.

ஒவ்வொரு தலைமுறையினரும் இதற்குத் தம் பங்கினை அளிக்கின்றனர். நீராவிக் காலத்தில் பயணம் செய்த முதியோர் கண்ணில் விழுந்த கரித்தூளையும், கூஜாவில் எடுத்துச் சென்ற நீரையும், இரும்புப் பெட்டிகளையும் நினைவுகூர்வர். பெற்றோர் மீட்டர் பாதை வண்டிகளை அறிந்திருப்பர். சென்னை கடற்கரை - தாம்பரம் இடையே 1931 ஆம் ஆண்டு தொடங்கிய மீட்டர் பாதை மின்தொடர் வண்டிச் சேவை 2004 ஆம் ஆண்டு முடிவுற்றது. 1904 ஆம் ஆண்டு அமைந்த செங்கோட்டை - புனலூர் மீட்டர் பாதை 2010 ஆம் ஆண்டு மூடப்பட்டு, அகலப் பாதையாக 2018 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பிள்ளைகளோ புதிய வண்டிகளின் வேகத்தையும் எண்களையும் பெரியோரை விடத் துல்லியமாக அறிந்திருப்பர். மூன்று தலைமுறையினரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகவும் மாணவராகவும் அமைவது இப்பொழுதுபோக்கின் தனித்தன்மை எனலாம்.

பொன்மலை, பெரம்பூர், அரக்கோணம், சோலார்பேட்டை, விழுப்புரம் போன்ற இரயில்வே குடியிருப்புகள் உள்ள ஊர்களில் பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இரயில்வேயில் பணியாற்றியுள்ளன. மலாயாவில் இரயில்வேப் பணிகளுக்குச் சென்ற தமிழர்களும் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்களும் இவ்வாறே. இக்குடும்பங்களில் தொழிலும் ஆர்வமும் பிரிக்க முடியாதவாறு கலந்துள்ளன.

குடும்பமாக ஈடுபடுவோருக்கு ஏற்ற சில செயல்கள் வருமாறு:

* பயணக் குறிப்பேடு - புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், இழுபொறி எண், கடந்த ஆறுகள் ஆகியவற்றைப் பிள்ளைகளே எழுதுதல்.
* கால அட்டவணை வாசித்தல் - இரு நிலையங்களுக்கு இடையேயான தொலைவையும் நேரத்தையும் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுதல்.
* நினைவுப் பதிவு - பாட்டன் பாட்டியரின் முதல் தொடர்வண்டிப் பயணத்தைக் கேட்டு எழுதி வைத்தல்.
* மாதிரி செய்தல் - தீப்பெட்டி, அட்டை முதலியவற்றைக் கொண்டு வண்டி அமைத்தல்.
* அருங்காட்சியகம் செல்லுதல் - சென்னையில் 2002 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகமும், திருச்சிராப்பள்ளியில் 2014 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரயில்வே பாரம்பரிய மையமும் தமிழ்நாட்டில் உள்ளன.

ஆர்வம் அனைவரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வண்டிக்காக மணிக்கணக்கில் காத்திருப்பது ஒருவருக்கு இன்பமாகவும் மற்றவருக்குச் சலிப்பாகவும் இருக்கலாம். எனவே ஏரி, கோயில், கடற்கரை, உணவு என மற்றவர்களின் விருப்பங்களையும் இணைத்துப் பயணத்தை அமைப்பது வழக்கமாக உள்ளது.

தமிழ்நாட்டின் பிற இடங்கள்

நீலகிரி மலை இரயில் பாதை மேட்டுப்பாளையத்தையும் உதகமண்டலத்தையும் ஏறத்தாழ 46 கி.மீ. தொலைவில் இணைக்கிறது. 1899 ஆம் ஆண்டு குன்னூர் வரையிலும், 1908 ஆம் ஆண்டு உதகமண்டலம் வரையிலும் இது திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையம் - குன்னூர் பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பொருத்தப்பட்டுள்ளது. இழுபொறியின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுகிறது. 2005 ஆம் ஆண்டு யுனெசுக்கோ இதனை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பாம்பன் பாலம் 1914 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. கப்பல்கள் செல்லும்போது அதன் நடுப்பகுதி இருபுறமும் மேலெழும்பித் திறந்துவந்தது. 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி சென்ற பயணிகள் வண்டி ஒன்று கடல் அலைகளால் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்தோர் உயிரிழந்தனர். பழைய பாலத்தில் போக்குவரத்து 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. செங்குத்தாக உயரும் நடுப்பகுதியைக் கொண்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது.

பாதுகாப்பும் சட்டமும்

இப்பொழுதுபோக்கில் பாதுகாப்பு முதன்மையானது. தண்டவாளத்தின் அருகே நின்று தற்படம் எடுக்க முயன்று உயிரிழந்தோர் பலர். விரைந்து வரும் வண்டியை ஓட்டுநர் நினைத்தவுடன் நிறுத்த இயலாது. அது நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவு தேவைப்படலாம். மின் இழுபொறிகள் டீசல் பொறிகளைவிடக் குறைந்த ஓசையோடு வருவதாலும், இணைப்பின்றிப் பற்றவைக்கப்பட்ட நீள் தண்டவாளங்களில் பழைய தடதட ஓசை குறைந்துவிட்டதாலும் காதை மட்டும் நம்பி நிற்பது ஆபத்தானது. இரட்டைப் பாதையில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மறுபாதையில் வேறொரு வண்டி வரக்கூடும்.

மேல்நிலை மின்கம்பிகளில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. கம்பியைத் தொடாவிட்டாலும், மிக அருகில் சென்றாலே மின்சாரம் பாய்ந்து உயிரிழப்பு நேரலாம். ஆகவே நீண்ட கழிகள், தூண்டிற்கோல்கள், படம்பிடிக்கும் கோல்கள் ஆகியவற்றை நடைமேடையில் உயர்த்திப் பிடிக்கக் கூடாது. படகு தள்ளும் கழியும் வலைக் கம்புகளும் அன்றாடக் கருவிகளாக உள்ள ஏரிப்பகுதி மக்களுக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்தும். நின்றிருக்கும் சரக்குப் பெட்டியின் மீது ஏறுவதும் இதே காரணத்தால் உயிருக்கு ஆபத்தாகும்.

1989 ஆம் ஆண்டு இந்திய இரயில்வே சட்டத்தின் 147 ஆம் பிரிவின்படி இரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைவது குற்றமாகும். இதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கூரையிலோ படிக்கட்டிலோ பயணம் செய்வது 156 ஆம் பிரிவின்படி குற்றமாகும். பயணம் செய்யாமல் நிலையத்திற்குள் செல்வோர் நடைமேடைச் சீட்டு பெறவேண்டும். வணிக நோக்கில் படம்பிடிக்க இரயில்வேயின் முன்அனுமதி தேவை.

குடும்பத்தோடு செல்வோர் நடைமேடையின் மஞ்சள் கோட்டிற்குப் பின்னால் நிற்றல், சிறுவரின் கையைப் பிடித்திருத்தல், தண்டவாளத்தைக் கடக்க நடைமேம்பாலத்தைப் பயன்படுத்துதல் ஆகியவற்றைப் பின்பற்ற வேண்டும். பெரியோர் குறுக்கே நடந்து கடப்பதைக் கண்ட குழந்தை, தனியே வரும்போது அதனையே செய்யும்.

2024 அக்டோபர் 11 அன்று இரவு கவரைப்பேட்டை நிலையத்தில் மைசூர் - தர்பங்கா பாக்மதி விரைவு வண்டி, முதன்மைப் பாதைக்கு மாறாகக் கிளைப்பாதையில் நுழைந்து அங்கு நின்றிருந்த சரக்கு வண்டியின் மீது மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, பலர் காயமடைந்தனர், உயிரிழப்பு ஏற்படவில்லை. சைகை, பாதை மாற்றி, பூட்டமைப்பு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து இயங்குவதன் இன்றியமையாமையை இந்நிகழ்வு பொதுமக்களுக்கு உணர்த்தியது.

முக்கியத்துவம்

தொடர்வண்டி ஆர்வலர்களின் குறிப்புகளும் ஒளிப்படங்களும் மூடப்பட்ட பாதைகள், மாற்றப்பட்ட நிலையங்கள், கழிக்கப்பட்ட இழுபொறிகள் ஆகியவற்றைப் பற்றிய வரலாற்றுச் சான்றுகளாக அமைகின்றன. மாணவர்களுக்கு இப்பொழுதுபோக்கு புவியியல், கணிதம், இயற்பியல், மொழி ஆகியவற்றை நேரில் காட்டுகிறது. ஊருக்குள் இருப்புப்பாதையே இல்லாத பழவேற்காடு போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கும், பேருந்தில் பொன்னேரி வரை சென்றால் நாட்டின் முதன்மைத் தடம் ஒன்றைக் காணும் வாய்ப்பு உள்ளது. அதற்குத் தேவையானவை நடைமேடைச் சீட்டு, குறிப்பேடு, உடன் வரும் பெரியவர் ஒருவர் ஆகிய மூன்றே.

இவற்றையும் பார்க்க

* பழவேற்காடு
* பழவேற்காடு ஏரி
* பக்கிங்காம் கால்வாய்
* நீலகிரி மலை இரயில் பாதை
* பாம்பன் பாலம்
* யாழ்தேவி
* இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை